கஸ்பாரின் மெழுகு

“எந் தம்பி நெஞ்ச அடச்சது வேற ஒண்ணுமில்ல, இவ இருவத்துநாலு வருசமா கை நெறய ஊத்துன நெய்தான்” என்று தெக்கலா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நர்ஸிடம் சொன்னாள், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் சொன்னாள், லிஃப்ட்டில் ஏறி இறங்கியவர்களிடமெல்லாம் சொன்னாள், நோயில் பூசுதல் கொடுக்கப் பங்குச்சாமி எண்ணெய்ச் சிமிழோடு வந்து சேர்ந்தபோது அவரிடமும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். ஏழாவது தடவை சொன்னபோது தம்பி பெண்டாட்டி ஹில்டா கையிலிருந்த ஃபிளாஸ்க்கை பெஞ்சின் மேல் டம்மென்று வைத்தாள்.

“மைனி, ஊத்துனது நான். தட்ட நீட்டுனது யாரு? நெய் தானா நடந்துபோயி ஒங்க தம்பி வாய்க்குள்ள ஏறிச்சா?”

“பாத்தீங்களா சாமி, வாயப் பாத்தீங்களா? கான்வென்ட்ல படிச்ச வாய்.”

ஹில்டா கட்டில் பக்கம் திரும்பினாள். கஸ்பார் அதில் கிடந்தார், கையில் ஊசி, மூக்கில் குழாய், நெஞ்சு ரத்தக் குழாய்க்குள் அன்று காலைதான் வைத்த சின்னக் கம்பி வலை. சிப்பித்துறையில் தோணிகளுக்குக் கயிறும் பலகை இடுக்கை அடைக்கிற கீலும் விற்கிற மனுஷன், அக்காளுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் ஒருநாளும் காலூன்றி நின்று பழகாதவர். “நீங்களே சொல்லுங்க” என்றாள் ஹில்டா. அவர் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “கொஞ்சம் கூடத்தான் ஊத்துவா.”

மூன்று வார்த்தை. இருபத்துநாலு வருஷம் விடிந்தால் அடுப்பு, அடைந்தால் அடுப்பு என்று நின்றவளுக்கு மூன்று வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் சங்கரவேல் உள்ளே வந்து, “அம்மா, சாப்பாட்டுல இருந்து வர்றது கொஞ்சந்தான், முக்கால்வாசி இவரு கல்லீரலே செய்யிற கொழுப்பு” என்று சொன்னது. அந்த நேரத்தில்தான் தெக்கலா இரண்டு கையையும் விரித்து உரத்த குரலில் நேர்ச்சை வைத்ததும், ஆகவே டாக்டர் சொன்னது ஹில்டாவைத் தவிர யார் காதிலும் விழவில்லை. சிப்பித்துறையில் நேர்ச்சை என்றால் மெழுகு. கால் வலித்தவர்கள் மெழுகில் கால் செய்து மாதா பீடத்தில் வைப்பார்கள், கண் மங்கியவர்கள் மெழுகுக் கண். தெக்கலாவோ முப்பது வருஷமாய் மாதா சபைத் தலைவி, மெழுகு இருதயத்தோடு நிற்பாளா? “மாதாவே, எந் தம்பியத் திருப்பித் தந்தீன்னா, அவன் ஒடம்புல இருக்க கொழுப்பு மொத்தத்தையும், ஒரு பொட்டு மிச்சமில்லாம, ஒனக்குத் திரியா ஏத்துதேன்” என்றாள். அழுகிற நேரத்தில் யார்தான் அளந்து பேசுவார்கள்? ஆனால் சிப்பித்துறை மாதா, ஹில்டாவுக்குப் பாடம் நடத்திய சிஸ்டர் கான்செப்டாவைப் போல, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுகிறவள்.

கஸ்பாரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன். தெக்கலா முதல் வேலையாக அடுக்களைச் சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். நெய்ப் பாத்திரத்தைச் செத்த எலி மாதிரித் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். ஹில்டா அதை எடுத்துத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். தெக்கலா நொய்யரிசிக் கஞ்சி காய்ச்சி, நெற்றிச் சாம்பலோடு உட்கார்ந்திருந்த தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருக்கையில், கஸ்பாரின் வலது மோதிர விரல் நுனியில் ஒரு மணி துளிர்த்தது. மஞ்சள் கலந்த வெள்ளை, முத்தளவு, வாசனை கிடையாது, காற்றுப் பட்டதும் இறுகிற்று. தெக்கலா அதைக் கிள்ளி எடுத்து, விரலிடையில் உருட்டிப் பார்த்து, “மாதா கேட்டுட்டா” என்று சொல்லி ஒரு காலி ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிட்டு அடுத்த கரண்டிக் கஞ்சியை நீட்டினாள்.

மறுநாள் பதினொரு மணிகள். மூன்றாம் நாள் கைக்கு ஒரு சிரட்டை. வெயிலில் கையைக் காட்டினால் தோலுக்குக் கீழே அவை வரிசையாக ஊர்ந்து போவதே தெரிந்தது, தெரு முழுக்க வந்து பார்த்தார்கள், கடலுக்குப் போகிற வழியில் பார்த்தார்கள், பூசைக்குப் போகிற வழியில் பார்த்தார்கள், பார்த்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. முன்பொரு காலத்தில் சிப்பிக்குள் முத்து வைத்த கடல்தானே, மனுஷனுக்குள் வைத்தால் என்ன என்று பேசிக்கொண்டார்கள். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் நாற்பது வருஷம் தோணி ஓட்டிய மொராயிஸ் தண்டல், கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு கஸ்பாரின் முழங்கையைத் தன் மடியில் ஏந்தி எல்லாருக்கும் விளக்கினார்.

“வலது வெலாவுக்குக் கீழ இருக்குல்லா கல்லீரலு, அதான் தொறமொகம். அங்க இருந்து சரக்கேத்திப் பொறப்படுதது இந்தப் பெரிய தோணி. தெருத் தெருவாப் போவும், வேணுங்கறவன் எறக்கிக்கிடுவான். தோணி ரொம்பப் பெருத்துப்போச்சுன்னா வளவுல முட்டிக் கரையில கொட்டிட்டுப் போயிரும். அந்தக் குப்ப சேந்ததுதான் நெஞ்சுல அடப்பு. எதுக்க வாறது பாரு, சின்ன வத்தப் படகு. கொட்டிக் கெடக்கத அள்ளிக்கிட்டுத் தொறமொகத்துக்கே திரும்புது.”

“அப்பம் வத்த நல்லது, தோணி கெட்டதா தண்டலே?” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“சரக்கே வரலன்னா நீ என்னத்தத் திம்ப? தோணிய வையாத.”

கதவருகே நின்ற ஹில்டா கேட்டாள்: “தண்டல் மாமா, தொறமொகத்துக்குச் சரக்கு எங்க இருந்து வருது?”

“வெளிய இருந்து கொஞ்சம் வரும். பெரும்பாலும் அங்கனயே செய்யுது. இல்லன்னா வெறும் கஞ்சி குடிக்க மனுசனுக்கு இவ்வளவு ஏத்துமதி எப்பிடி?”

“இருவத்துநாலு வருச நெய்” என்றது அடுக்களையிலிருந்து தெக்கலாவின் குரல். “தீர நாளாவும்.”

கோயில் உபதேசியார் அந்த மெழுகில் ஊற்றிய முதல் திரி கடற்காற்றில் அணையவில்லை. அதைக் கேள்விப்பட்டு ஒரு தோணிக்காரர் பலகை இடுக்கில் கீலுக்குப் பதிலாக அதை அடைத்துப் பார்த்தார். வெளியே நிற்க வேண்டிய தண்ணீர் வெளியே நின்றது, உள்ளே இருக்க வேண்டியது உள்ளே இருந்தது, ஏனென்றால் அந்த மெழுகுக்குப் பிறவியிலேயே தெரிந்த வேலை அதுதான், உடம்பின் ஒவ்வொரு சின்ன அறைக்கும் சுவராக நிற்பது. பிறகு தினமும் விடிகாலையில் கஸ்பார் வீட்டு வாசலில் வரிசை நின்றது. கால் வளைந்த குழந்தைகளுக்குத் தடவி வெயிலில் கிடத்தினார்கள், கால் நிமிர்ந்தது. நெஞ்செரிச்சல்காரர்கள் ஒரு கிள்ளு விழுங்கினார்கள், பொரித்த மீனும் செரித்தது. கதவுக் கீல்களில் தடவினார்கள். அந்தத் திரி எரிகிற வீடுகளில் அறுபது தாண்டிய தம்பதிகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய ஞாபகங்கள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள், கீல்கள் சத்தம் போடாததால் யாருக்கும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு ஒருநாளைக்கு இரண்டு தடவை சவரம் செய்ய வேண்டிவந்தது. ஊரே வழுவழுவென்று, ஈரமில்லாமல், கிரீச்சென்று சத்தமில்லாமல், சந்தோஷமாக இருந்தது, கஸ்பார் வீட்டைத் தவிர.

அந்த ஊரில் ஹில்டா மீன் வாங்கப் போனால் பேச்சு நின்றது. “புருசனுக்கு மெழுகு மெழுகா ஊட்டியிருக்கா பாரேன்” என்று அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை: ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊர் கலைகிற நேரத்தில், சொன்ன அதே வாய், கோயில் படியில் நின்று, அது ஹில்டா ஊத்துன நெய் இல்ல என்று சொல்ல வேண்டும். கான்வென்ட்டில் பொய் சொன்ன பிள்ளை அதை நூறு தடவை இம்போசிஷன் எழுதித் திருத்த வேண்டும். ஹில்டா நூறு கேட்கவில்லை. ஒன்று.

சூசையப்பர் அசனம் வந்தது. பங்கு முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த நாளில், பதினாறு வருஷமாக இலை இலையாகப் போய் நெய் ஊற்றுகிற கரண்டி ஹில்டாவின் கையில்தான் இருக்கும். தவக்காலம் என்றாலும் அன்றைக்கு மட்டும் அந்தப் பங்கில் நெய்க்கு விலக்கு உண்டு. இந்த வருஷம் அசனத்தில் நெய் கிடையாது என்று சபை முடிவுசெய்தது, கரண்டியில் ரசம் என்றது, கரண்டியைத் தெக்கலாவிடம் கொடுத்தது. ஹில்டாவுக்கு இலை போட்டார்கள், கூட்டத்தின் கடைசியில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்.

அவள் உட்காரவில்லை. பந்தியில் இருந்த டாக்டர் சங்கரவேலை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து ரசக் கரண்டியின் முன்னால் நிறுத்தினாள்.

“டாக்டர், ஆஸ்பத்திரியில சொன்னத இங்க சொல்லுங்க.”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கொழுப்பு விஷமில்லை, ஒரு மெழுகு, உடம்பே செய்துகொள்ளுகிறது, அதில்தான் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்கும் சுவர், அதில்தான் பித்தநீர், அதில்தான் மீசையும் குரலும் பிள்ளைப்பேறும், வெயில் எலும்புக்குச் சத்தாக மாறுவதும் அதில்தான், அளவு மிஞ்சினால் அடைக்கும், சிலபேர் கல்லீரல் பிறவியிலேயே அதிகம் செய்யும், கஸ்பாரின் அப்பாவும் நாற்பத்தெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதானே போனார், அவருக்கு யார் நெய் ஊற்றினார்கள்?

“எங்கம்மா” என்றாள் தெக்கலா, தன்னை மறந்து, பிறகு முகம் கறுத்து, “டாக்டருக்கு என்ன தெரியும்! எழுதி வச்சதப் படிச்சவரு. நான் கண்ணால பாத்தவ. இவ ஊத்துன நெய்தான்.”

இருநூறு இலைகளுக்கு முன்னால் எட்டாவது தடவை. ஹில்டாவுக்குள் அப்போது ஏதோ ஒன்று, காற்றுப் பட்ட மெழுகைப்போல, இறுகிற்று.

“சரி மைனி. நேர்ச்ச என்ன வச்சீங்க? எல்லாரும் கேக்க ஒருதடவ சொல்லுங்க.”

தெக்கலாவுக்கு அதில் பெருமைதான். கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள்.

“மொத்தமுமா?”

“மொத்தமும்.”

“ஒரு பொட்டு மிச்சமில்லாம?”

“மிச்சமில்லாம.”

“அம்மா, மொத்தமும் எடுத்தா மனுஷன் நிக்க மாட்டாரு” என்றார் டாக்டர்.

“அத நேர்ச்ச வச்சவங்ககிட்ட சொல்லுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு ஹில்டா வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து மெழுகு தானாகத் துளிர்ப்பதற்கு அவள் காத்திருக்கவில்லை. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, கோயிலில் மூவேளை மணி அடிக்கிறபோதெல்லாம் கஸ்பாரை நாற்காலியில் உட்காரவைத்து, தோளிலிருந்து விரல் நுனிவரை, மடியிலிருந்து பால் கறக்கிறவளைப்போல, நிதானமாகக் கறந்தாள். டின் டின்னாக நிறைந்தது. டின்னை வாசலில் வைத்தாள், ஊர் எடுத்துக்கொண்டு போயிற்று. கறக்கக் கறக்க வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் இன்னும் இன்னும் செய்தது, அங்கே காது வைத்தால் துறைமுகத்தில் இரவும் பகலும் மூட்டை இறக்குகிற சத்தம்.

இரண்டு வாரத்தில் கஸ்பாரின் தாடி வளர்வது நின்றது. மூன்றாம் வாரம் குரல் மெலிந்து, கோயில் பாட்டுக் குழுச் சிறுமியின் குரலாகிற்று. குடித்த கஞ்சி கஞ்சியாகவே வெளியே போயிற்று. வெயிலில் உட்கார்ந்தால் வெயில் தோலோடு நின்றுவிட்டது, எலும்பு குடைந்தது. குளிக்க ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்கி அவர் ஊறிய அப்பளம்போல உப்பினார், பிறகு அந்தத் தண்ணீர் உடம்பின் உப்பையும் கூட்டிக்கொண்டு வெளியே கசிந்தது, பாய் நனைந்தது, தரை நனைந்தது, தொட்ட இடத்தில் விரல் பதிந்து பள்ளம் பள்ளமாகவே நின்றது. உள்ளே இருக்க வேண்டியது எதுவும் உள்ளே நிற்கவில்லை.

“ஹில்டா, போதும்ளா.”

“யார்கிட்ட சொல்லுதீங்க? நேர்ச்ச வச்சது நானா? ஒங்க அக்காகிட்ட கேளுங்க” என்று அவர் மணிக்கட்டை இன்னும் ஒருமுறை வழித்தாள். “ஏன், கொஞ்சம் கூடத்தான் எடுக்கேனோ?”

அவர் கண்ணிலிருந்து வந்ததும் கன்னத்திலிருந்து கசிந்ததும் ஒரே தண்ணீராக இருந்ததால், அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. ஹில்டா சொல்ல முயலவும் இல்லை.

பங்குச்சாமி வந்தார். நேர்ச்சையைத் தளர்த்தித் தர எனக்கு அதிகாரம் இருக்கிறது, இன்றோடு நிறுத்துங்கள் என்றார். ஆனால் அவர் பின்னாலேயே உபதேசியார் வந்திருந்தார், ஈஸ்டருக்கு ஆளுயரப் பாஸ்காத் திரிக்கு இன்னும் நாலு டின் வேண்டும் என்றார். தோணிக்காரர்கள் வந்திருந்தார்கள், பாதித் தோணி அடைத்தாயிற்று சாமி, மீதியைத் திறந்துபோட்டு எப்படிக் கடலில் இறக்குவது என்றார்கள். போஸ்ட்மாஸ்டரின் மனைவி சும்மா வந்து நின்றாள். “ஈஸ்டர் முடியட்டும் சாமி” என்றது ஊர், ஒரே குரலில். கஸ்பார் அவர்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதெல்லாம் வேண்டாம் சாமி” என்றாள் ஹில்டா. “மைனி கோயில் படியில நின்னு அஞ்சு வார்த்த சொல்லட்டும். ‘அது ஹில்டா ஊத்துன நெய் இல்ல.’ சொன்ன நிமிசம் நான் கைய எடுத்துருவேன்.”

எல்லாரும் தெக்கலாவைப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக அவள் சொன்ன எதையும் திருப்பி வாங்கியதில்லை. திருவிழாத் தேதியைத் தவறாகச் சொன்ன வருஷம் ஊர் அந்தத் தேதியிலேயே கொடி ஏற்றிற்று. அவள் தம்பியின் நனைந்த தலையைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். “அவனுக்குப் பால் பல்லு விழுந்தது எங்கையில” என்றாள்.

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஹில்டா தோளிலிருந்து விரல்வரை வழித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி வழித்தாள். மொராயிஸ் தண்டல் வந்து கையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். தோணியும் இல்லை வத்தையும் இல்லை. விலாவுக்குக் கீழே காது வைத்தார்.

“தொறமொகத்தப் பூட்டியாச்சு” என்றார்.

தெக்கலா மாரடித்துக்கொண்டு அழுதாள். ஹில்டா அந்த வலது விலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரவு பகல் பாராமல் செய்து, ஏற்றி, ஒவ்வொரு வாசலுக்கும் அனுப்பி, மிஞ்சியதைத் திருப்பி வாங்கி, வாங்கினவர்களிடமிருந்து ஒரு நன்றி கேட்காமல், கொட்டிக்கிடந்த குப்பைக்கு மட்டும் பேர் வாங்கி, கடைசியில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்ட அந்தக் கல்லீரல்மேல்தான் அந்த வீட்டில் அவளுக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

“இனி உள்ள செய்யாது” என்றார் டாக்டர். “வாய் வழியாப் போறதுதான். நெய் குடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள உள்ள போகணும், இல்லன்னா தாங்க மாட்டாரு.”

தெரு ஓடியது. ஏழு வீட்டு நெய் வந்தது. ஏழும் கஸ்பாரின் தொண்டை தாண்டவில்லை. இருபத்துநாலு வருஷம் ஒரே கையின் நெய்யில் வாழ்ந்த உடம்பு, மற்ற நெய்யை முகம் தெரியாத ஆளைப்போல வாசலிலேயே நிறுத்தி அனுப்பிற்று. அப்புறம் எல்லாருடைய கண்களும் ஹில்டாவின் இரும்புப் பெட்டிக்குப் போயின.

“தாறேன்” என்றாள் ஹில்டா. “எங்கையால இந்த வீட்டுல இனி ஒரு சொட்டு நெய் விழணும்னா, அதக் குத்தஞ்சொன்ன வாய் கேக்கணும். ‘ஹில்டா, எந் தம்பிக்கு நெய் ஊத்து.’ படியில கூட நிக்க வேண்டாம். இங்கனயே நின்னு கேட்டாப் போதும். வேற யார் கேட்டும் நான் ஊத்த மாட்டேன்.” இதை அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய சிலுவையின் முன்னால் சொன்னாள், சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுகிற மாதாவின் முன்னால், ஆகவே இனி அவளாலும் அதை மாற்ற முடியாது.

ஈஸ்டர் ஞாயிறு. கோயிலில் கஸ்பாரின் ஆளுயரத்துக்கு நின்ற பாஸ்காத் திரி சொட்டாமல் எரிந்தது. பூசை முடிந்து ஊர் அப்படியே அந்த வீட்டுக்குள் வந்து, சுவரோரமாய், சன்னல் கம்பிகளோரமாய் நின்றது. ஹில்டா தெக்கலாவின் முன்னால் கையை நீட்டினாள். தெக்கலா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தாறு நாளைக்குப் பிறகு ஹில்டா தன் அடுப்பைப் பற்றவைத்தாள், சோறு வடித்தாள், பெட்டியைத் திறந்து நெய்யை எடுத்து உருக்கினாள், அந்த வாசனை கூடத்தைக் கடந்து தெருவைக் கடந்து தோணிகள்வரை போயிற்று, ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் எச்சில் விழுங்கினார்கள். ஆவி பறக்கிற தட்டை ஒரு கையிலும் நெய்க் கரண்டியை மறு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் கட்டிலருகே வந்து நின்றாள். கஸ்பார் நனைந்த விரிப்பில், விளிம்புகள் கரைந்துகொண்டிருந்த ஒரு உருவமாகக் கிடந்தார். கட்டிலின் அந்தப் பக்கம் தெக்கலா.

“கேளுங்க மைனி.”

தெக்கலா வாயைத் திறந்தாள். நாக்கு அசைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு உதடுகள், மெழுகு தடவிய கதவைப்போல, சத்தமில்லாமல் மூடிக்கொண்டன.

கரண்டியின் ஓரத்தில் நெய் வெள்ளையாக உறையத் தொடங்கிற்று. டாக்டர் தரையைப் பார்த்தார். உபதேசியார் கையிலிருந்த எரிகிற திரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஹில்டாவின் கை தாழவில்லை.

விரிப்பிலிருந்து மெல்லிய குரல் வந்தது, சின்னப் பிள்ளையின் குரல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த மூன்று வார்த்தை சொன்ன அதே வாயிலிருந்து.

“கொஞ்சம் கூடவே ஊத்தேன், ஹில்டா.”